ஆலங்கட்டி மழைக்குப் பின் வீட்டுக் கூரை: வட டெக்சஸ் வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டாலஸைச் சுற்றியுள்ள ஃபிரிஸ்கோ, பிளேனோ, ஆலன், மெக்கின்னி, இர்விங் போன்ற ஊர்களில் வீடு வாங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து, ஒவ்வொரு வசந்த காலத்திலும் எனக்கு வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கான்கிரீட் தளம் போட்ட மொட்டை மாடியின் கீழ் வளர்ந்தவர்கள் நாம். கூரை என்பது பதினைந்து இருபது ஆண்டுகளில் தேய்ந்துபோய் மாற்றவேண்டிய பொருள் என்ற எண்ணமே நமக்குப் பழக்கமில்லாதது. இங்கே நம் தலைக்கு மேல் இருப்பதோ கண்ணாடியிழைப் பாயில் தார் பூசி, அதன்மேல் கல்துகள் ஒட்டிய ஷிங்கிளும், அதன் அடியில் பெரும்பாலும் அரை அங்குலத் தடிமன்கூட இல்லாத மரச்சீவல் பலகையும் மட்டுமே. நான் காப்பீட்டு முகவரும் அல்லேன், கூரைக் கான்ட்ராக்டரும் அல்லேன். ஒரே வீட்டுக்கு இரண்டு முறை கூரை மாற்ற நேர்ந்தவன். முதல் முறை நான் செய்த பிழைகளை நீங்கள் செய்யக்கூடாது என்ற அக்கறையில் இதை எழுதுகிறேன். இதில் வரும் சட்ட விவரங்கள் டெக்சஸ் மாநிலத்துக்கு உரியவை.

மழை நின்றுவிட்டது. முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்யவேண்டும்?

கூரைமேல் ஏறாதீர்கள். ஈரமான ஷிங்கிளின்மேல் உருண்டு கிடக்கும் பனிக்கட்டியும் உதிர்ந்த கல்துகளும் காலை வாரிவிடும். இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுவதை எந்தக் காப்பீடும் ஈடு செய்ய முடியாது. மின்கம்பி அறுந்து கிடக்கிறதா, சன்னல் கண்ணாடி உடைந்திருக்கிறதா, குழந்தைகள் வெறுங்காலுடன் நடக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். ஒரு புயல் கடந்த அரைமணியில் அதன் பின்னாலேயே இன்னொன்று வருவது இந்தப் பகுதியில் சாதாரணம் என்பதால், கைப்பேசியில் எச்சரிக்கை முடிந்துவிட்டதா என்பதைப் பார்த்த பிறகே வெளியே செல்லுங்கள்.

பிறகு, கட்டிகள் கரைவதற்குள், நான்கைந்தைப் பொறுக்கி அளவுகோலையோ கால் டாலர் நாணயத்தையோ பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். இரண்டு கட்டிகளை உறையில் போட்டு உறைபெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். புல்தரையில் அவை சிதறிக் கிடக்கும் காட்சி, வீட்டின் நான்கு பக்கங்கள், உடைந்த பொருள்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கைப்பேசிப் படத்தில் தேதியும் நேரமும் பதிவாகிவிடும். எந்த நாளில் விழுந்த கட்டி இந்தச் சேதத்தைச் செய்தது என்பதுதான் பின்னாளில் வரும் வாதங்களில் பாதி.

எவ்வளவு பெரிய கட்டி விழுந்தால் கூரை கெடும்?

அமெரிக்க தேசிய வானிலை சேவை 1 அங்குல விட்டமுள்ள கட்டியைத்தான் கடும்புயலின் அளவாக 2010 முதல் வைத்திருக்கிறது. அதற்கு முன்பு அது முக்கால் அங்குலமாக இருந்தது. 1 அங்குலம் என்பது பெரிய நெல்லிக்காய் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். வயதான ஷிங்கிள் அந்த அளவிலேயே அடிபடக்கூடும். புது ஷிங்கிள் பெரும்பாலும் தாங்கும். கோல்ஃப் பந்து அளவான 1.75 அங்குலம் என்பது நம் எலுமிச்சம்பழம். அந்த அளவு விழுந்தால், கூரை புதிதானாலும் கட்டாயம் சோதித்துப் பார்க்கவேண்டும். 2.75 அங்குலம், அதாவது பேஸ்பால் அளவு, சாத்துக்குடியை ஒத்தது. அது விழுந்த தெருவில் யாரும் சந்தேகத்தில் இருக்கமாட்டார்கள். 2016 ஏப்ரல் 11 அன்று டாலஸ் அருகே வைலி நகரில் அதையும் விடப் பெரிய கட்டிகள் விழுந்து, கூரைகளைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கின.

அளவு மட்டுமே கணக்கல்ல. காற்று எந்தத் திசையிலிருந்து அடித்ததோ அந்தப் பக்கச் சரிவு அதிகம் அடிபடும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கூரை போயிற்று என்பதால் உங்களுடையதும் போயிருக்கவேண்டும் என்பதில்லை. அவருடையது தப்பியது என்பதால் உங்களுடையதும் தப்பியிருக்கும் என்றும் இருந்துவிடாதீர்கள்.

தரையில் நின்றபடியே சேதத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

கூரையையே காண முடியாவிட்டாலும், அதன் மேல் என்ன விழுந்தது என்பதற்கு வீட்டைச் சுற்றிலும் சாட்சிகள் இருக்கின்றன. மெல்லிய உலோகங்களை முதலில் பாருங்கள். ஏசி இயந்திரத்தின் வெளிப்பக்கத் தகடுகள் மடங்கியிருக்கின்றனவா, மழைநீர்க் கட்டரில் பள்ளங்கள் விழுந்திருக்கின்றனவா, கூரையில் தெரியும் காற்றுப்போக்கியின் மூடி நெளிந்திருக்கிறதா, சன்னல் வலை கிழிந்திருக்கிறதா என்று நடந்து பாருங்கள். கட்டரிலிருந்து தண்ணீர் இறங்கும் குழாயின் வாயருகே கறுப்பு மணல் குவிந்திருந்தால், அது ஷிங்கிளிலிருந்து உதிர்ந்த கல்துகள். புதிதாகப் போட்ட கூரையிலிருந்தும் கொஞ்சம் துகள் உதிரும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யவேண்டாம்.

பலர் கவனிக்காத இன்னொரு சாட்சி உண்டு. வெயிலில் சாம்பல் பூத்த மரவேலியிலும், பின்புறத்து மின்பெட்டியிலும், கட்டி மோதிய இடத்தில் மட்டும் அழுக்குப் போய் வெளிர் நிறத்தில் வட்டப் பொட்டுகள் விழுந்திருக்கும். அந்தப் பொட்டின் அகலம் கட்டியின் அளவையும், அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பது காற்றின் திசையையும் சொல்லிவிடும். மாதங்கள் செல்லச் செல்ல அந்தப் பொட்டுகள் மங்கி மறையும். ஆகவே முதல் வாரத்திலேயே படம் எடுத்துவிடுங்கள்.

ஷிங்கிளில் கூரையைச் சோதிப்பவர்கள் எதைத் தேடுகிறார்கள்? கீழிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லையே?

கீழிருந்து தெரியாமலிருப்பதே வழக்கம். ஆலங்கட்டி மோதிய இடத்தில் கல்துகள் உள்ளே அமுங்கி அல்லது உதிர்ந்து, ஒரு கருமையான வட்டம் தெரியும். அதன்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினால், அடிபட்டுக் கன்றிய கொய்யாப்பழத்தைத் தொட்டதுபோல் மெத்தென்று உள்வாங்கும். என் கூரையில் அட்ஜஸ்டர், அதாவது சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் ஆள், என்னை ஏணியின் மேற்படிவரை வரச்சொல்லி, ஓரத்து ஷிங்கிள் ஒன்றை அழுத்திப் பார்க்கச் செய்தபோதுதான் எனக்கு அது புரிந்தது. கண்ணுக்கு அது வெறும் நிழல்போல்தான் இருந்தது. உள்ளே இருக்கும் கண்ணாடியிழைப் பாய் கிழிந்திருந்தால் அந்த இடம் அன்றே ஒழுகாது. துகள் போன தாரின்மேல் இரண்டு மூன்று கோடைகளின் வெயில் பட்டு அது வெடித்த பிறகே ஒழுகும்.

கட்டியால் வராத குழிகளும் இருக்கின்றன. ஷிங்கிளுக்குள் சிக்கிய ஈரமும் காற்றும் வெயிலில் கொப்பளித்து உடைந்தால் சிறு குழிகள் உண்டாகும். அவற்றின் விளிம்பு கூர்மையாக இருக்கும், அழுத்தினால் மெத்தென்று இருக்காது. அட்ஜஸ்டர் இவற்றைச் சேதமாக எண்ணமாட்டார், எண்ணாததும் சரியே. வழக்கமாக ஒவ்வொரு சரிவிலும் பத்தடிக்குப் பத்தடிச் சதுரம் ஒன்றைச் சுண்ணக்கட்டியால் வரைந்து, அதற்குள் எத்தனை அடி விழுந்திருக்கிறது என்று எண்ணுவார்கள்.

கூரை ஒழுகுகிறது. அட்ஜஸ்டர் வரும்வரை தொடாமல் வைத்திருக்கவேண்டுமா?

வேண்டாம், வைத்திருக்கவும் கூடாது. சேதம் மேலும் பெருகாமல் தடுப்பது பாலிசிப்படி உங்கள் கடமை. ஓட்டையை அப்படியே விட்டு அதனால் சுவரும் தரையும் நனைந்தால், அந்தப் பகுதிக்குப் பணம் தர மறுக்க நிறுவனத்துக்கு இடம் கிடைத்துவிடும். முதலில் படம் எடுங்கள். பிறகு ஆள் வைத்துத் தார்ப்பாய் போடச் சொல்லுங்கள். பாயின் மேல்விளிம்பு கூரையின் முகட்டைத் தாண்டி மறுபக்கம்வரை செல்லவேண்டும், ஓரங்களை மரச்சட்டத்தில் சுற்றி ஆணியடிக்கவேண்டும். செங்கல்லைப் பாரமாக வைத்த பாய் அடுத்த காற்றுக்கே பறந்துவிடும். அந்தச் செலவின் ரசீது, நனைந்த கம்பளத்தின் ஒரு துண்டு, உடைந்த ஷிங்கிள் எதையும் தூக்கியெறியாதீர்கள். தற்காலிகச் சீரமைப்புக்கான நியாயமான செலவு கிளெய்மில், அதாவது இழப்பீட்டுக் கோரிக்கையில், சேரும். நிரந்தர வேலையை மட்டும் அட்ஜஸ்டர் பார்க்கும்வரை தொடங்காதீர்கள்.

பகலில் ஆட்டிக்கில், அதாவது கூரைக்கு அடியிலுள்ள பரணில், ஏறி, டார்ச் அடித்துப் பலகையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பழுப்புக் கறை, நனைந்த வெப்பத்தடுப்புப் பஞ்சு, ஊசிமுனை வெளிச்சம் ஆகியவை கூடத்தின் கூரையில் கறை தோன்றுவதற்கு வெகுநாள் முன்பே அங்கே தெரியும். மரச்சட்டத்தின்மேல் மட்டுமே கால் வையுங்கள்.

ஒழுகவில்லை. அப்படியே விட்டுவிட்டால் என்ன?

டெக்சஸ் பாலிசிகள் பலவற்றில், காற்றாலும் ஆலங்கட்டியாலும் வந்த சேதத்தை அது நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் அறிவிக்கவேண்டும் என்ற விதி இருக்கிறது. ஒழுகத் தொடங்குவதோ அதற்குப் பிறகு. பெரிய கட்டி விழுந்திருந்தால், ஒழுகாவிட்டாலும் சில வாரங்களுக்குள் நம்பகமான ஒருவரைக்கொண்டு கூரையைச் சோதித்துவிடுங்கள்.

மறுநாளே ஒருவர் கதவைத் தட்டி, இலவசமாகக் கூரையைப் பார்த்துத் தருவதாகச் சொல்கிறார். அனுமதிக்கலாமா?

இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒன்றை மட்டுமே நினைவில் வைப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்: வாசலில் நின்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

புயல் எங்கே அடித்ததோ அங்கே அடுத்த நாள் காலையில் வேற்று மாநிலப் பதிவெண் கொண்ட வண்டிகள் வந்து நிற்கும். அவர்களில் நேர்மையாக உழைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பிளம்பருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் மாநில உரிமம் கேட்கும் டெக்சஸ், கூரை வேலைக்கு அப்படி உரிமம் கேட்பதில்லை. ஏணியும் சட்டையில் ஒரு சின்னமும் இருந்தால் எவரும் கூரைக் கான்ட்ராக்டர்தான்.

என் வாசலுக்கு வந்த இளைஞர் மிகவும் மரியாதையாகப் பேசினார். கூரைமேல் ஏற என் அனுமதி வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லிக் கையடக்கத் திரையை நீட்டினார். விரலால் கையெழுத்திட்டேன். அன்றிரவு மின்னஞ்சலில் வந்த ஆறு பக்கத்தை என் மனைவி படித்துப் பார்த்தார். காப்பீட்டு நிறுவனம் கிளெய்மை ஏற்றால், எவ்வளவு தொகை அனுமதிக்கப்படுகிறதோ அவ்வளவுக்கும் அந்த இளைஞரின் கூரை நிறுவனத்திடமே வேலையைத் தருகிறேன், மாறினால் அபராதம் கட்டுகிறேன் என்று நான் ஒப்புக்கொண்டிருந்தேன். வீட்டு வாசலில் வந்து செய்யும் விற்பனை ஒப்பந்தத்தை மூன்று வேலைநாள்களுக்குள் ரத்துசெய்யும் உரிமையை மத்திய விதி தருகிறது. மறுநாளே எழுத்து மூலம் ரத்துசெய்து, அஞ்சலில் அனுப்பியதற்கான அத்தாட்சியையும் வைத்துக்கொண்டேன். நான்காம் நாள் படித்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

கூரையைப் பார்க்க அனுமதிப்பதானால், நீங்கள் வீட்டில் இருக்கும்போது, முதலில் எடுத்த படங்களைக் காட்டச் சொல்லி அனுமதியுங்கள். சுத்தியலால் தட்டியும் நாணயத்தால் சுரண்டியும் சேதத்தை உண்டாக்குபவர்கள் இருக்கிறார்கள். அனுபவமுள்ள அட்ஜஸ்டர் அதைக் கண்டுபிடித்துவிடுவார், அப்போது சந்தேகம் உங்கள்மேலும் விழும். இன்னொன்று, உங்கள் சார்பில் காப்பீட்டு நிறுவனத்துடன் பேசி எல்லாவற்றையும் முடித்துத் தருகிறேன் என்று கான்ட்ராக்டர் சொன்னால், டெக்சஸ் சட்டப்படி அவர் அதைச் செய்யக்கூடாது. தான் வேலை செய்யப்போகும் வீட்டுக்கே கிளெய்ம் பேரம் பேச அவருக்கு அனுமதி இல்லை. தன் மதிப்பீட்டை அட்ஜஸ்டரிடம் விளக்கலாம், அதோடு சரி.

டிடக்டிபிள் என்பது சரியாக எவ்வளவு?

நம்மவர்களில் மிகப் பலர் ஏமாந்து நிற்கும் இடம் இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். சேதச் செலவில் நம் கையிலிருந்து கட்டவேண்டிய பங்குதான் டிடக்டிபிள். பாலிசியின் முதல் பக்கத்தில் இரண்டு டிடக்டிபிள்கள் இருக்கக்கூடும். தீ, குழாய் உடைப்பு போன்றவற்றுக்கு ஒன்று, காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் தனியாக ஒன்று. இரண்டாவது பெரும்பாலும் 1 சதவீதம் அல்லது 2 சதவீதம் என்று எழுதப்பட்டிருக்கும். சேதத்தின் 2 சதவீதம்தானே, கூரைக்கு 20,000 டாலர் ஆனால் நான் 400 டாலர் கட்டினால் போதும் என்று ஒரு நண்பர் நிம்மதியாக இருந்தார். அந்தச் சதவீதம் சேதத்தின் மேல் அல்ல, வீடு எவ்வளவுக்குக் காப்பீடு செய்யப்பட்டிருக்கிறதோ அந்தத் தொகையின் மேல். வீட்டின் காப்பீடு 4,00,000 டாலர் என்றால் 2 சதவீதம் 8,000 டாலர். அது உங்கள் கையிலிருந்து போகும் பணம். ஆண்டுதோறும் காப்பீட்டுத் தொகை உயர்த்தப்படும்போது டிடக்டிபிளும் சத்தமில்லாமல் உயரும்.

டிடக்டிபிளை நானே பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் ஒரு டாலர்கூடத் தரவேண்டாம் என்கிறாரே கான்ட்ராக்டர்?

அது குற்றம். 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள டெக்சஸ் சட்டப்படி, டிடக்டிபிளை வீட்டுக்காரர்தான் கட்டவேண்டும். அதைத் தள்ளுபடி செய்வதாகவோ, வேறு வகையில் திருப்பித் தருவதாகவோ கான்ட்ராக்டர் சொல்லக்கூடாது. விளம்பரப் பலகை வைத்ததற்குப் பணம், அறிமுகப்படுத்தியதற்குப் பரிசு என்று எந்தப் பெயர் சூட்டினாலும் அது அதே ஏமாற்றுத்தான். கட்டியதற்கு ஆதாரமாகக் காசோலை நகலையோ கிரெடிட் கார்டு அறிக்கையையோ காட்டச் சொல்லி, அதன் பிறகே மீதிப் பணத்தைத் தர நிறுவனத்துக்கு உரிமை உண்டு. விசா, கிரீன் கார்டு என்று காத்திருக்கும் குடும்பங்கள் ஒரு கூரைக்காகப் பொய்க் கணக்கில் கையெழுத்திடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. 8,000 டாலரை ஒரே தவணையில் தர முடியாவிட்டால், கான்ட்ராக்டருடன் தவணை ஒப்பந்தம் எழுதிக்கொள்ளச் சட்டமே வழி தருகிறது.

கூரைக்கு 22,000 டாலர் ஆகும் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, 3,000 டாலருக்குக் காசோலை அனுப்பியிருக்கிறார்களே?

தேய்மானம் கழித்திருக்கிறார்கள். உங்கள் கூரைக்கு இருபது ஆண்டு ஆயுள், பத்து ஆண்டு ஓடிவிட்டது என்று கணக்கிட்டால் பாதி மதிப்பு, அதாவது 11,000 டாலர், தேய்ந்துவிட்டது. மீதி 11,000 டாலரில் டிடக்டிபிள் 8,000 டாலரைக் கழித்தால் 3,000 டாலர். இது முதல் காசோலை.

அடுத்து என்ன நடக்கும் என்பது நீங்கள் எந்த வகைப் பாலிசி வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. புதிதாகப் போடும் முழுச் செலவையும் தரும் பாலிசி என்றால், வேலை முடித்து இறுதிப் பற்றுச்சீட்டை அனுப்பியதும் பிடித்துவைத்த 11,000 டாலர் வரும். தேய்ந்த மதிப்பு மட்டுமே தரும் பாலிசி என்றால் அந்த 3,000 டாலரோடு முடிந்தது. மாதத் தவணை குறைகிறது என்று பாலிசி மாற்றிய பலர், கூரைக்கு மட்டும் இரண்டாம் வகைக்குத் தாம் மாறியிருப்பதைப் புயலுக்குப் பிறகுதான் அறிகிறார்கள். இன்றே பாலிசியை எடுத்து, கூரைக்கு எப்படி மதிப்பிடுவார்கள் என்ற பகுதியைப் படியுங்கள். அழகு கெடுவதை மட்டும் ஈடு செய்யமாட்டோம் என்ற விலக்கு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். உலோகக் கூரை உள்ளவர்களுக்கு அது மிகவும் முக்கியம், ஏனென்றால் ஒழுகாத பள்ளம் எத்தனை விழுந்தாலும் அந்த விலக்கின்படி ஒன்றும் கிடைக்காது.

சேதம் கொஞ்சம்தான். கிளெய்ம் போடலாமா?

சீரமைப்புச் செலவு டிடக்டிபிளைவிடக் குறைவு என்றால் போடுவதில் பயனில்லை. போட்ட கிளெய்ம், பணம் கிடைக்காவிட்டாலும், காப்பீட்டு நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் பதிவேட்டில் ஏழு ஆண்டுகள்வரை நிற்கக்கூடும். முதலில் நம்பகமான கான்ட்ராக்டர் ஒருவரிடம் தோராயச் செலவைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

அட்ஜஸ்டர் வரும் நாளில் நான் வீட்டில் இருக்கவேண்டுமா?

கட்டாயம் இருங்கள். விடுப்பு எடுத்தாவது இருங்கள். நீங்கள் தேர்ந்த கான்ட்ராக்டரையும் அந்த நேரத்துக்கு வரச்சொல்லி, இருவரும் ஒன்றாகக் கூரையைப் பார்த்தால் பிற்பாடு வாக்குவாதம் பாதியாகக் குறையும். உங்களிடமுள்ள படங்களையும், தேதியையும், கூரையின் வயதைக் காட்டும் தாளையும் தாருங்கள். கூரையை மட்டும் காட்டிவிட்டு விட்டுவிடாதீர்கள். கட்டர், சன்னல் வலை, ஏசித் தகடு, வேலி, பின்கட்டு மேற்கூரை, வாசல் விளக்கு ஒவ்வொன்றையும் காட்டுங்கள். பட்டியலில் எழுதாதது பணமாக வராது. அவரிடம் மரியாதையாகப் பேசுங்கள். பெரும்புயலுக்குப் பின் ஒரே நாளில் பல கூரைகள் ஏறி இறங்குபவர் அவர். உங்களுக்குத் தெரியாததை ஊகித்துச் சொல்லாதீர்கள்.

எத்தனை நாளில் பதில் வரவேண்டும்?

கிளெய்ம் அறிவித்த 15 நாள்களுக்குள் நிறுவனம் அது கிடைத்ததைத் தெரிவித்து விசாரணையைத் தொடங்கவேண்டும். கேட்ட தாள்களையெல்லாம் நீங்கள் கொடுத்த பிறகு 15 வேலைநாள்களுக்குள் ஏற்பதாகவோ மறுப்பதாகவோ எழுத்தில் சொல்லவேண்டும். ஏற்றால் 5 வேலைநாள்களுக்குள் பணம் தரவேண்டும். கூடுதல் காலம் தேவை என்றால் காரணம் சொல்லி 45 நாள்வரை நீட்டலாம். பேரிடர் என்று அறிவிக்கப்பட்ட புயல்களில் இந்தக் கெடுக்கள் இன்னும் 15 நாள் கூடும். யாரிடம், எந்த நாளில், என்ன பேசினீர்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். தொலைபேசியில் பேசியதை அன்றே ஒரு வரி மின்னஞ்சலாக அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள்.

மறுத்துவிட்டார்கள், அல்லது மிகக் குறைவாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இனி?

மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தொகைதான் குறைவு என்றால், பெரும்பாலும் மதிப்பீட்டில் சில பொருள்கள் விடுபட்டிருக்கும். கூரை ஓரத்து உலோகப் பட்டை, முகட்டு ஷிங்கிள், குழாய்களைச் சுற்றிய ரப்பர் உறை, அடித்தாள், நகராட்சி அனுமதிக் கட்டணம் ஆகியவை வழக்கமாக விடுபடுபவை. கான்ட்ராக்டரின் மதிப்பீட்டை அதனோடு வரிவரியாக ஒப்பிட்டு, படத்துடன் துணைக் கோரிக்கை அனுப்புங்கள். இதற்குச் சண்டை தேவையில்லை. நிறுவனங்கள் நாள்தோறும் இப்படித் திருத்துகின்றன.

சேதமே இல்லை என்று நிறுவனம் சொல்லிவிட்டால், வேறொரு அட்ஜஸ்டரை அனுப்பி மறுபடி பார்க்கும்படி கேளுங்கள். அதிலும் தீராவிட்டால் மூன்று வழிகள் இருக்கின்றன. டெக்சஸ் காப்பீட்டுத் துறையிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். பாலிசியில் மதிப்பீட்டுப் பிரிவு இருந்தால், இரு தரப்பும் ஆளுக்கொரு மதிப்பீட்டாளரை நியமித்து, நடுவரைக்கொண்டு தொகையை முடிவு செய்யலாம். அல்லது உரிமம் பெற்ற பப்ளிக் அட்ஜஸ்டரை உங்கள் சார்பில் அமர்த்தலாம். கிடைக்கும் தொகையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர் கட்டணம் வாங்க மாநிலச் சட்டம் அனுமதிப்பதில்லை. வழக்குத்தான் என்றால், பொதுவாக 61 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும். அந்த நிலையில் வழக்கறிஞர் இல்லாமல் நகராதீர்கள்.

காசோலையில் வங்கியின் பெயரும் இருக்கிறதே?

வீட்டுக்கடன் இருக்கும்வரை அப்படித்தான் வரும். கடன் தந்த நிறுவனத்தின் இழப்பீட்டுப் பிரிவை உடனே அழைத்து, அவர்கள் கையொப்பத்துக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று கேளுங்கள். சில வாரங்கள் ஆகலாம் என்பதைக் கான்ட்ராக்டரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள்.

நல்ல கான்ட்ராக்டரை எப்படித் தேர்வது?

இந்தப் பகுதியில் பல ஆண்டுகளாக அலுவலகம் நடத்துபவரா என்று பாருங்கள். ஐந்தாண்டு கழித்து ஒழுகினால் தொலைபேசியை எடுக்க ஆள் இருக்கவேண்டும். மூன்று வீடுகளின் முகவரி கேட்டுப் போய்ப் பாருங்கள். பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழை அவரிடமிருந்து வாங்காமல், அவருடைய முகவர் உங்களுக்கு நேரடியாக அனுப்பும்படி கேளுங்கள். ஒப்பந்தத்தில் ஷிங்கிளின் பெயரும் வகையும், பழைய கூரையை முழுதும் அகற்றுவார்களா, கெட்ட பலகைக்குத் தனி விலை என்ன, உலோகப் பட்டைகள் புதியவையா பழையவையா, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பவை எழுத்தில் இருக்கட்டும். காலியிடமுள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டாம். முழுப்பணத்தை முன்கூட்டியே தருவதும் வேண்டாம். கடைசித் தொகையைத் தரும்போது, பொருள் கொடுத்த கடைக்கும் கூலியாள்களுக்கும் பாக்கி இல்லை என்று எழுதி வாங்குங்கள். கான்ட்ராக்டர் கடைக்குக் கட்டாமல் போனால், அந்தக் கடன் உங்கள் வீட்டின்மேல் பற்றுரிமையாக வந்து உட்காரும்.

நான்காம் வகுப்பு ஷிங்கிள் போட்டால் கூடுதல் செலவுக்குப் பலன் உண்டா?

இந்தப் பகுதியில் உண்டு என்பதே என் முடிவு. யூஎல் 2218 என்ற சோதனையில், 2 அங்குல எஃகு உருண்டையை 20 அடி உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இரண்டு முறை விழவிட்டும் வெடிக்காத ஷிங்கிளுக்கே நான்காம் வகுப்புத் தருகிறார்கள். சாத்துக்குடி அளவு விழுந்தால் அதுவும் அடிபடும். ஆனால் ஆண்டுதோறும் வரும் சிறுகட்டிகளை அது தாங்கும். பல காப்பீட்டு நிறுவனங்கள் இதற்குக் காப்பீட்டுத் தவணையில் தள்ளுபடி தருகின்றன. எவ்வளவு என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், பதிலுக்கு மேலே சொன்ன அழகு விலக்கைச் சேர்த்துவிடுவார்களா என்றும் கேளுங்கள். குடியிருப்போர் சங்கம் நிறத்துக்கு ஒப்புதல் கேட்கலாம். சுற்றியுள்ள வீடுகளோடு ஒத்துப்போகும் தாங்குதிறன் ஷிங்கிளைத் தடுக்க, மாநிலச் சட்டப்படி அதற்கு உரிமையில்லை.

வேலை நடக்கும் நாளில் எதைக் கவனிக்கவேண்டும்?

கார்களைக் காலையிலேயே தெருவுக்கு எடுத்துவிடுங்கள். சுவரில் மாட்டிய படங்களைக் கழற்றுங்கள், சுத்தியல் அதிர்வில் அவை விழும். ஆட்டிக்கில் வைத்திருக்கும் கொலுப் பொம்மைப் பெட்டிகளைப் போர்த்திவையுங்கள். பழைய ஷிங்கிளை உரித்த பிறகு, புதியதைப் போடுவதற்கு முன்பு, பலகையைப் படம் எடுத்துத் தரச்சொல்லுங்கள்.

மாலையில் இரண்டு வேலைகள் பாக்கி இருக்கும். காந்த உருளையைப் புல்தரை முழுதும் ஓட்டி ஆணிகளைப் பொறுக்கச் சொல்லுங்கள். என் வீட்டில் மூன்று முறை ஓட்டிய பிறகும், ஒரு வாரம் கழித்துத் துளசித் தொட்டியின் அருகே இரண்டு ஆணிகள் கிடைத்தன. மற்றது உயிர் தொடர்பானது. எரிவாயுவில் ஓடும் வெந்நீர்க் கலனின் புகைக்குழாய் கூரை வழியே வெளியேறுகிறது. கூரை வேலையின் அதிர்வில் ஆட்டிக்கில் அதன் இணைப்பு நழுவினால், கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் இறங்கும். அன்றிரவு உறங்குவதற்கு முன் அந்த இணைப்பை யாரேனும் கண்ணால் பார்த்தாகவேண்டும், எச்சரிக்கைக் கருவியும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

காரும் அடிபட்டிருக்கிறது, கூரையில் சோலார் தகடுகளும் இருக்கின்றன.

கார் வேறு பாலிசி, வேறு கிளெய்ம், வேறு டிடக்டிபிள். சோலார் தகடு உடையாவிட்டாலும், ஷிங்கிள் மாற்ற அவற்றைக் கழற்றி மறுபடி மாட்டும் செலவு பெரியது. அதை அட்ஜஸ்டரின் பட்டியலில் முதல் நாளே சேர்க்கச் சொல்லுங்கள். கழற்றும் வேலையைச் சோலார் ஆள்களே செய்யட்டும்.

பழைய வீடு வாங்கப்போகிறேன். கூரையைப் பற்றி என்ன கேட்கவேண்டும்?

அதன் வயது, முன்பு கிளெய்ம் போட்டார்களா, பணம் வாங்கிக்கொண்டு மாற்றாமல் விட்டார்களா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். முந்தைய வீட்டுக்காரர் காலத்தில் விழுந்த கட்டிக்கு உங்கள் பாலிசி பணம் தராது.

எல்லாம் முடிந்தது. இனி எந்தத் தாள்களை அனுப்பவேண்டும், எவற்றை வைத்திருக்கவேண்டும்?

இறுதிப் பற்றுச்சீட்டு, டிடக்டிபிள் கட்டிய ஆதாரம், முடிந்த கூரையின் படங்கள் மூன்றையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, பிடித்துவைத்த தேய்மானத் தொகையைக் கேளுங்கள். அதற்கும் கெடு உண்டு, எந்தத் தேதிவரை என்பதை அட்ஜஸ்டரிடம் முதலிலேயே கேட்டுக் குறித்திருக்கவேண்டும். நான்காம் வகுப்பு ஷிங்கிள் போட்டிருந்தால், கான்ட்ராக்டர் கையொப்பமிட்ட மாநிலப் படிவத்தை முகவரிடம் கொடுத்தால்தான் தள்ளுபடி தொடங்கும். அதை அவராகவே செய்வார் என்று இருந்து, நான் எட்டு மாதத் தள்ளுபடியை இழந்தேன். நகராட்சிச் சோதனை முடிந்ததற்கான தாள், உத்தரவாதம், பாக்கியின்மைக் கடிதம், ஷிங்கிள் கட்டின் மேல்தாள் ஒன்று ஆகியவற்றை வீட்டுப் பத்திரத்துடன் சேர்த்து வையுங்கள். மிஞ்சிய ஷிங்கிள் கட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக் கராஜில் வைத்துக்கொண்டால், அடுத்த காற்றில் நான்கு ஷிங்கிள் பறந்தாலும் அதே நிறத்தில் ஒட்டுப்போட முடியும்.